மிளகு எங்கிருந்து வருகிறது? கிரேட் வெஸ்டர்ன் ஷிராஸும் முதிய கொடிகளும்

ஹென்றி பெஸ்ட் தொழிலால் இறைச்சிக் கடைக்காரர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தோண்ட வந்து குவிந்த கூட்டத்துக்கு இறைச்சி விற்று, அவரும் அவருடைய சகோதரர் ஜோசப்பும் காசு பார்த்தார்கள். தங்கம் வற்றத் தொடங்கியதும் இருவரும் நிலத்தின் பக்கம் திரும்பினார்கள். அராரட்டுக்கும் ஸ்டாவெலுக்கும் நடுவில், கிராம்பியன்ஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் கிரேட் வெஸ்டர்ன். அங்கே ஜோசப் 1865இல் திராட்சை வைத்தார். ஹென்றி அடுத்த ஆண்டு கான்கான்ஜெல்லா ஓடைக்கரையில் நிலம் வாங்கி, 1868இல் கொடிகளை ஊன்றினார். அவற்றில் ஷிராஸ் கொடிகள் சில வரிசைகள் இன்னமும் காய்க்கின்றன. 1920இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய தாம்சன் குடும்பம், அந்த வரிசைகளின் பழத்தைத் தனியாகப் பறித்து, 1992 அறுவடை தொடங்கி ‘தாம்சன் ஃபேமிலி’ என்ற பெயரில் விற்கிறது. விலை ஒரு புட்டிக்குச் சில நூறு ஆஸ்திரேலிய டாலர்.

இப்படியான புட்டிகளின் விலையை உயர்த்துபவை இரண்டு அடைமொழிகள். ஒன்று ‘முதிய கொடி’, மற்றொன்று ‘குளிர்ப் பகுதி’. விளம்பரத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால், கொடி கிழமாக இருப்பதால்தான் ஒயின் இப்படி மணக்கிறது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். கடந்த இருபது ஆண்டுகளில் வேதியியலும் தோட்ட ஆய்வும் சொல்லியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டையும் பிரித்தே மதிப்பிட வேண்டும். கோப்பையில் வரும் மணத்தில் பெரும்பங்கு குளிருடையது. வயதின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. விற்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதலில் இந்தக் கொடிகள் எப்படிப் பிழைத்தன என்பதைப் பார்க்கலாம். ஷிராஸ் என்பதும் ஃபிரான்ஸில் சிரா என்பதும் ஒரே இரகம். பெயரை வைத்து ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1990களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தின் குழுவும் ஃபிரான்ஸின் மான்பெல்லியே ஆய்வாளர்களும் மரபணுச் சோதனை செய்து அந்தக் கதையை முடித்துவைத்தார்கள். துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு தென்கிழக்கு ஃபிரெஞ்சு இரகங்களின் பிள்ளைதான் சிரா. ரோன் ஆற்றங்கரையில் உள்ள எர்மிதாஜ் குன்று அதன் புகழ்பெற்ற வீடு. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் ஸ்பெயினிலும் ஃபிரான்ஸிலும் சுற்றி, நூற்றுக்கணக்கான இரகங்களின் கொடி நறுக்குகளைத் திரட்டிச் சிட்னிக்கு அனுப்பினார். அந்தச் சேகரத்தில் எர்மிதாஜின் சிராவும் இருந்தது.

பஸ்பியின் பயணத்துக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிம்மதியாகக் கழிந்தன என்று சொல்லலாம். 1860களில் வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஃபைலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி, ஐரோப்பாவில் முதலில் தலைகாட்டிய இடங்களுள் ஒன்று தென் ரோன் பகுதி. வேரைக் குத்தி உறிஞ்சிக் கொடியைச் சாகடிக்கும் பூச்சி இது. மருந்தில்லை. அமெரிக்கத் திராட்சை வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் கைகொடுத்தது. சிராவின் தாய்மண்ணில் இருந்த தோட்டங்கள் அனேகமாக முழுவதும் பிடுங்கப்பட்டு, ஒட்டுச்செடிகளால் மறுபடி நடப்பட்டன. ஆகவே உலகின் மிக முதிய சிராக் கொடிகளைப் பார்க்க வேண்டுமானால் ஃபிரான்ஸுக்குப் போய்ப் பயனில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் 1840களில் நட்டவை இருக்கின்றன. ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கே குடும்பத்தின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ தோட்டத்தில் 1860ஐ ஒட்டி நட்டவை இருக்கின்றன. இவையெல்லாம் சொந்த வேரில் நிற்பவை.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் ஃபைலாக்சரா நுழையவே இல்லை. விக்டோரியாவின் கதை வேறு. 1877இல் மெல்பனுக்கு அருகே ஜீலாங் வட்டாரத்தில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அரசு ஆணையிட்டு, நோய் தொட்டது தொடாதது என்று பாராமல் அங்கிருந்த கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். பிறகு பெண்டிகோ, ரூதர்கிளென் என்று பூச்சி பரவியது. கிரேட் வெஸ்டர்ன் தப்பியது.

பூச்சியைவிடச் சந்தையிடம் தப்புவது கடினமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆஸ்திரேலியர்கள் விரும்பியது போர்ட், ஷெரி போன்ற இனிப்பும் சாராயச் சத்தும் ஏறிய ஒயின்களை. அதற்கு வெயில் கொளுத்தும் ஊர்ப் பழம் வேண்டும். குளிர்ப் பகுதிகளின் மெலிந்த, புளிப்புத் தூக்கலான ஒயினைக் கேட்பாரில்லை. யாரா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் அழிந்து மாட்டுப் பண்ணைகள் வந்தன. கிரேட் வெஸ்டர்னுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கிடைத்தது. ஜோசப் பெஸ்ட், வேலையில்லாத தங்கச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொண்டு சிதைந்த கருங்கற் பாறைக்குள் சுரங்க அறைகள் வெட்டியிருந்தார். அவர் இறந்ததும் 1888இல் அதை வாங்கிய ஹான்ஸ் இர்வின், ஃபிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியிலிருந்து சார்ல் பியர்லோ என்ற வல்லுநரை வரவழைத்து நுரைக்கும் ஒயின் செய்யத் தொடங்கினார். ஆண்டு முழுவதும் குளிர்ந்தே கிடந்த சுரங்கங்கள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின. சுரங்கங்கள் மேலும் நீண்டு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆயின. 1918இல் செப்பெல்ட் நிறுவனம் அதை வாங்கியது. கிரேட் வெஸ்டர்ன் என்றால் நுரை ஒயின் என்று நாடறிந்த பெயர் நிலைத்தது. ஷிராஸையே நுரைக்க வைத்து, சிவப்பு நுரை ஒயினாக விற்கும் விசித்திர வழக்கமும் இந்த ஊரில் வேர்விட்டது. குடித்துப் பார்க்காதவர்கள் முகம் சுளிப்பார்கள். குடித்தவர்களிலும் பாதிப்பேர் சுளிப்பார்கள்.

ஆக, இந்தக் கொடிகள் நிலைத்ததற்கு அவற்றின் அருமை தெரிந்து யாரோ போற்றிக் காத்தது காரணமல்ல. பூச்சி எட்டாத தொலைவும், சில்லென்ற சுரங்கமும், பிடுங்கி வேறு பயிர் வைக்க அவசரப்படாத ஒரு குடும்பமும்தான் காரணம். அருமை தெரியாமல் போனதன் விளைவைப் பரோசாவில் பார்க்கலாம். 1980களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு, திராட்சை தேவைக்கு மேல் விளைகிறது என்று சொல்லி, கொடிகளைப் பிடுங்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. நூறாண்டு ஷிராஸ் கொடிகள் பல அப்போது விறகாயின.

இனி மணத்துக்கு வருவோம். கிராம்பியன்ஸ் ஷிராஸைக் குடித்தவர்கள் முதலில் சொல்வது மிளகு. இடித்த கருமிளகின் வாசம். பரோசா ஷிராஸில் அது அரிது. அங்கே காய்ச்சிய பழக்கூழும் சாக்லேட்டும் போன்ற கனத்த மணம், சாராயம் 14.5 முதல் 15 விழுக்காடு வரை போகும். இந்த மிளகு வெறும் உவமை என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள். ஒயின் எழுத்தாளர்கள் ஈரக்கல், பென்சில் சீவல் என்றெல்லாம் எழுதுவார்கள். அப்படி ஒன்று என்று விட்டுவிட்டார்கள். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் அப்படி விடவில்லை. 2008இல் அங்குள்ள குழு, ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணமான சேர்மத்தைப் பிரித்துக் காட்டியது. அதன் பெயர் ரோட்டண்டோன்.

அந்தச் சேர்மம் வேதியியலுக்குப் புதியதல்ல. நம் வயல் வரப்பில் களையெடுப்பவர் சலிக்கச் சலிக்கப் பிடுங்கும் கோரையின் கிழங்கில் அதை முன்பே கண்டு, அந்தச் செடியின் அறிவியல் பெயரையொட்டிப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் அது மணக்கும் என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை. அடிலெய்டு குழு அதே சேர்மத்தை மிளகிலும் தேடியபோது, மிக அதிகமாக மிளகு மணக்கும் ஷிராஸில் உள்ளதைப் போல் ஏறக்குறைய 10,000 மடங்கு கருமிளகிலும் வெள்ளை மிளகிலும் இருந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைபரினை 1819இலேயே பிரித்தெடுத்தாகிவிட்டது. உலகமே விலை கொடுத்து வாங்கிய ஒரு சரக்கின் மணத்துக்கு முதன்மையான காரணம் மட்டும் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடிபடாமலே இருந்து, கடைசியில் ஒயினைச் சோதித்தவர்கள் கையில் அகப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மை ஆஸ்திரேலியத் திராட்சை வழியே தெரிய வந்தது என்பது எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த திருப்பம்.

அளவுகள் இன்னும் வியப்பானவை. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் ரோட்டண்டோன் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் ஆறு கோடி லிட்டருக்கு மேற்பட்ட ஒயினுக்குப் போதும். தண்ணீரில் அதன் வரம்பு இன்னும் குறைவு, 8 நானோகிராம். ஆனால் சோதனையில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது எட்டவே இல்லை. வரம்பைப் போல் பல நூறு மடங்கு, லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்த நீரிலும் அவர்கள் எதையும் முகரவில்லை. இரண்டு பேர் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு, ஒருவர் மிளகு என்றும் மற்றவர் வெறும் பழம் என்றும் சண்டை போட்டால் இருவருமே உண்மை சொல்கிறார்கள். ஒயினுக்கு மதிப்பெண் போடும் விமர்சகர்களிலும் இந்த ஐந்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர்கள் யார் யார் என்று எந்த இதழும் அச்சிடுவதில்லை.

ரோட்டண்டோன் பழத்தின் தோலில் சேர்கிறது. திராட்சையில் முன்பே உள்ள ஆல்ஃபா-குவாயீன் என்ற பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகிறது. எப்போது அதிகம் சேர்கிறது, எப்போது குறைகிறது என்பதற்கான களமாகக் கிராம்பியன்ஸ் பகுதியே அமைந்தது. கிரேட் வெஸ்டர்னுக்குத் தென்கிழக்கே உள்ள மவுண்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் மெல்பன் பல்கலைக்கழகத்தாரும் அடிலெய்டு நிறுவனத்தாரும் பல அறுவடைகளில் அளந்து பார்த்தார்கள். பழக்குலையின் வெப்பம் 25 பாகையைத் தாண்டி நிற்கும் நேரம் கூடக்கூட, ரோட்டண்டோன் குறைந்தது. ஒரே கொடியில் வெயில் படும் குலையைவிட நிழலில் தொங்கும் குலையில் அதிகம். ஒரே தோட்டத்தில் தெற்கு நோக்கிச் சரியும் பகுதியில் அதிகம். தென் கோளத்தில் தெற்குச் சரிவுதான் வெயில் குறைந்த பக்கம். ஆண்டுக்கு ஆண்டு மொத்த அளவு பல மடங்கு ஏறி இறங்கினாலும், தோட்டத்துக்குள் எந்தப் பகுதி அதிகம், எது குறைவு என்ற வரிசை மாறவில்லை. குளிர்ந்த, மழை மிகுந்த ஆண்டுகளில் எல்லாப் பகுதிகளிலும் கூடியது. இலைகளைக் கிள்ளிக் குலையை வெயிலில் காட்டினால் குறைகிறது என்பதை ஃபிரான்ஸில் வேறோர் இரகத்தில் செய்த சோதனைகள் காட்டின.

இந்தக் கண்டுபிடிப்புகளில் கொடியின் வயதுக்கு எங்குமே வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். மவுண்ட் லாங்கி கிரானின் மூத்த ஷிராஸ் கொடிகளே 1960களில் நட்டவை. ஹென்றி பெஸ்டின் கொடிகளோடு ஒப்பிட்டால் பேரப் பிள்ளைகள்.

அப்படியானால் வயது என்ன செய்கிறது? ஒயின் தொழிலில் வழிவழியாகச் சொல்வது இது: கொடி முதிர்ந்தால் காய்ப்பு குறையும், குறைவாகக் காய்ப்பதால் சுவை செறியும், வேர் ஆழம் போவதால் வறட்சியிலும் தடுமாறாது. இதில் பாதி உண்மை. பருத்த தண்டும் பரந்த வேரும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, மோசமான பருவத்தைச் சமாளிக்கக் கொடிக்கு உதவும் என்பதில் பெரிய மறுப்பில்லை. காய்ப்பு குறைவதுதான் சந்தேகத்துக்குரியது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டிலன் கிரிக், பரோசாவில் முதிய ஷிராஸ் கொடிகளையும், அவற்றிலிருந்தே நறுக்கு எடுத்து அதே மண்ணில் நட்ட இளைய கொடிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கிழக்கொடிகள் குறைவாகக் காய்க்கும் என்ற நம்பிக்கையை அவருடைய அளவுகள் ஆதரிக்கவில்லை. பெரிய தண்டுடைய முதிய கொடிகள் இளையவற்றை விஞ்சியும் காய்த்தன. ஜெர்மனியின் கைசன்ஹைமில் ஒரே தோட்டத்தில் 1971, 1995, 2012 ஆகிய ஆண்டுகளில் நட்ட ரீஸ்லிங் கொடிகளை ஒப்பிட்டபோதும், இளங்கன்றுகள் மட்டுமே தனித்துத் தெரிந்தன. நிலைபெற்றுவிட்ட கொடிகளுக்கிடையே 24 ஆண்டு இடைவெளி பெரிய வேறுபாட்டைத் தரவில்லை.

எண்பது, நூற்றைம்பது வயதுக் கொடிகளை வைத்து இப்படி முறையான சோதனை செய்வது எளிதல்ல. அதற்கு அதே இடத்தில் ஒப்பிடத்தக்க இளங்கொடிகள் வேண்டும். ஆகவே ‘வயதுக்கு எந்தப் பங்கும் இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதிய தோட்டத்து ஒயின் சிறப்பாக இருப்பதற்கு, வயதைத் தேடிப் போகாமலே வலுவான காரணம் ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. 150 ஆண்டுகளில் எத்தனையோ முறை பிடுங்கும் காலம் வந்தது. பூச்சி, விலை வீழ்ச்சி, அரசுப் பணம், இனிப்பு ஒயின் மோகம். ஒவ்வொரு முறையும் முதலில் போனவை சுமாரான நிலங்கள். எஞ்சியவை, ஒவ்வோர் உரிமையாளருக்கும் ‘இதை மட்டும் விட்டுவைப்போம்’ என்று தோன்றிய நிலங்கள். அங்கே நிற்கும் கொடி நல்ல ஒயினைத் தருகிறதென்றால், அது முதிர்ந்ததால் நல்லதாயிற்றா, நல்லதாக இருந்ததால் முதிர விடப்பட்டதா என்று புட்டியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவதுக்கே என் சாய்வு.

வயது என்பதே அவ்வளவு துல்லியமானதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வேரில் நிற்கும் தோட்டத்தில் ஒரு கொடி பட்டுப்போனால், பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டு இடத்தை நிரப்புவார்கள். அந்தப் புதிய கொடியின் வயது தாயின் வயதா, பதியம் போட்ட நாளிலிருந்தா? தொழிலுக்குள்ளேயே இதற்கு எல்லைகள் வகுக்க முயன்றிருக்கிறார்கள். பரோசாவில் 2009இல் 35, 70, 100, 125 ஆண்டுகள் என்று நான்கு படிகள் வைத்தார்கள். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2024இல் 35 ஆண்டைத் தொடக்க எல்லையாக ஏற்றது. ஒரு தோட்டத்தை முதியது என்று சொல்ல, அதன் கொடிகளில் 85 விழுக்காடாவது அந்த வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 35 ஆண்டுக் கொடிக்கும் 1868ஆம் ஆண்டுக் கொடிக்கும் ஒரே அடைமொழி.

ஹென்றி பெஸ்டின் தோட்டத்தில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுவது ஷிராஸ் வரிசைகள் அல்ல, அதே காலத்தில் அவர் ஓடைக்கரையில் வைத்த நாற்றங்கால். எது இந்த மண்ணில் வரும் என்று தெரியாத நிலையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊன்றியிருக்கிறார். ஏறக்குறைய நாற்பது இரகங்கள். வல்லுநர்கள் வந்து பார்த்தும் மரபணுச் சோதனை செய்தும் அவற்றுள் சில இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஃபைலாக்சராவுக்குப் பிறகு ஐரோப்பாவில் மறுபடி நட்டவர்கள், விற்கும் இரகங்களையும் நன்றாகக் காய்க்கும் நறுக்குகளையும் தேர்ந்தெடுத்து நட்டார்கள். பூச்சி வருவதற்கு முன் ஒரு தோட்டத்தில் இருந்த கலப்பு, அந்தத் தேர்வில் தொலைந்தது. கிரேட் வெஸ்டர்னின் ஷிராஸ் வரிசைகளும் இந்தப் பழைய கலப்பின் மிச்சமே. அவற்றிலிருந்து எடுத்த நறுக்குகள் விக்டோரியாவின் வேறு தோட்டங்களுக்குப் போய் வேர்விட்டிருக்கின்றன. முதிய கொடிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருந்தால், அது இங்கேதான். பிடுங்கிவிட்டால் வேறெங்கும் வாங்க முடியாத வித்துச் சேமிப்பு நிலத்தில் உயிரோடு இருக்க, யாரோ ஒருவர் அதற்கான செலவைக் கொடுத்தாக வேண்டும்.

மெல்பன் அரச ஒயின் காட்சியில் இளம் சிவப்பு ஒயினுக்கு வழங்கும் ஜிம்மி வாட்சன் கோப்பை ஆஸ்திரேலியாவில் மிகவும் பேசப்படும் பரிசு. 2012இல் அது, தாம்சன் குடும்பம் நடத்தும் பெஸ்ட்ஸ் நிறுவனத்தின் 2011 ஷிராஸுக்குப் போனது. 1868ஆம் ஆண்டுக் கொடிகளின் ஒயினுக்கல்ல. ‘பின் நம்பர் 1’ என்ற பெயரில் அவர்கள் விற்கும் சாதாரண வரிசைக்கு, சில நூறு டாலரெல்லாம் கேட்காத புட்டிக்கு. 2011 விக்டோரியாவில் ஓயாத மழையும் குளிரும் பூஞ்சணமுமாகக் கழிந்த ஆண்டு. பல தோட்டங்களில் பழம் அழுகிக் கொட்டியது. தப்பிய ஷிராஸில், ரோட்டண்டோன் ஆய்வுகள் எதிர்பார்க்கச் சொல்வதைப் போலவே, மிளகு தூக்கி நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, அதே கோப்பை டாஸ்மேனியாவின் கிளேட்சர்-டிக்சன் ஷிராஸுக்குப் போயிருந்தது. அந்தத் தீவுக்கு அதுவே முதல் முறை. இன்னும் தெற்கே, ஷிராஸ் பழுக்கவே பழுக்காது என்று வெகுகாலம் ஒதுக்கிவைத்த இடம் அது. அங்கே ஷிராஸ் கொடிகள் குறைவு, இருப்பவையும் அண்மைக் காலத்தவை. கோடை வெப்பம் ஏறிக்கொண்டே போனால் கிரேட் வெஸ்டர்னின் குலைகள் 25 பாகைக்கு மேல் கழிக்கும் நேரமும் கூடும். இலைகளை அடர்த்தியாக விட்டு நிழல் தரலாம், தெற்குச் சரிவுப் பழத்தைத் தனியே பறிக்கலாம். 1868ஆம் ஆண்டு வரிசைகளைப் பெயர்த்துக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அவற்றின் நறுக்குகளைக் கொண்டுபோகலாம், பஸ்பி செய்ததைப் போல.